கையில் இரண்டரை மணி நேரம்: வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு, மெய்ப்பு வேலை தொடங்குகிறவர்களுக்கு

காலை ஒன்பதே காலுக்குப் பள்ளி வேன் தெருமுனை திரும்பும். அதன்பிறகு அத்தைக்குக் கஞ்சி, மாத்திரை, திண்ணை வரை கைப்பிடித்து ஒரு நடை. பத்தே காலுக்கு மடிக்கணினியைத் திறந்தேன் என்றால் பன்னிரண்டே முக்கால் வரை அது என் நேரம். பாளையங்கோட்டையில் இந்த வீட்டுக் கூடத்து மேசையில் உட்கார்ந்து ஒன்பது வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். இடையிடையே பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறேன்.

மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுவார்கள். "அக்கா, வீட்லருந்தே செய்ற மாதிரி ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க." கேட்கிறவர்களில் பாதிப் பேர் முதுகலை படித்தவர்கள். கைக்குழந்தைக்காகவோ, படுத்துவிட்ட பெரியவருக்காகவோ வேலையை விட்டவர்கள். அவர்களிடம் போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடியாததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதுவது இது. வேறு வேலை தேடுகிறவர்களுக்கும் நேரம், பணம், மோசடி பற்றிய பகுதிகள் உதவும்.

முதல் படி: ஒரு வாரம் நேரத்தை எழுதி வையுங்கள்

வேலை தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, ஏழு நாளும் எப்போது உட்கார முடிந்தது, எப்போது எழ வேண்டிவந்தது என்று மட்டும் குறியுங்கள். நான் முதன்முதலில் எழுதியபோது ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நோட்டில் வந்தது இரண்டு மணி நாற்பது நிமிடம். அதிலும் ஒரே மூச்சில் கிடைத்தது ஒன்றரை மணி நேரம்தான். மீதி எல்லாம் பால்காரர், கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டுச் சாவி என்று துண்டு துண்டாகப் போயிருந்தது.

இரண்டு எண்களும் தேவை: மொத்த நேரம் எவ்வளவு, தொடர்ந்து கிடைப்பது எவ்வளவு. எந்த வேலை உங்களுக்குச் சரிப்படும் என்பதை இரண்டாவது எண்தான் முடிவு செய்யும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையையும் அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் காலை 9 மணிக்கு நிறுத்தினால் பிற்பகல் 2 மணிக்குத்தான் வரும். சரியாக நம்முடைய நேரம். முந்தின நாள் செய்தித்தாளில் பகுதிவாரியாகப் போடுவார்கள். மோடத்துக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தேன். மடிக்கணினி பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கினால் அன்றைய வேலை நிற்காது.

பிறகு வருடக் கணக்கு. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு, மே மாதம் முழுக்க விடுமுறை. இந்த மாதங்களில் கிடைக்கிற நேரம் வேறு. ஜூலையில் அளந்த நேரத்தை வைத்து டிசம்பருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

வந்த கணக்கில் பாதியை மட்டும் அடுத்தவருக்கு விற்பனைக்கு வையுங்கள். மறுபாதி காய்ச்சலுக்கும் விருந்தாளிக்கும் திருத்தம் கேட்டு வரும் கோப்புக்கும்.

இரண்டாம் படி: பாதியில் வைத்துவிட்டு எழக்கூடிய வேலையா?

சம்பளம் எவ்வளவு என்பதைவிட முக்கியமான கேள்வி இது. அத்தை கூப்பிடுகிறார்; ஐந்து நிமிடம் எழுந்து போய் வருகிறீர்கள். திரும்பி வந்தால் வேலை விட்ட இடத்திலேயே இருக்குமா?

மொழிபெயர்ப்பு இருக்கும். வாக்கியம் வாக்கியமாக நகர்கிற வேலை என்பதால் எந்த முற்றுப்புள்ளியிலும் நிறுத்தலாம். மெய்ப்பும் அப்படித்தான்; பக்க எண்ணில் ஒரு குறி போட்டு எழுந்துவிடலாம். இணையவழி டியூஷன் அப்படி இல்லை. நாற்பத்தைந்து நிமிடம் நீங்கள் திரையின் முன்னால் இருந்தே ஆக வேண்டும். மாலை நேரத்தில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இருந்தால் மட்டும் எடுங்கள். வாடிக்கையாளர் அழைப்பு வேலைக்கு நேரம் நிறுவனத்துடையது. வீடு மட்டும்தான் உங்களுடையது. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது என்பது என் முடிவு.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, அதாவது டிரான்ஸ்கிரிப்ஷன், பார்க்க எளிதாகத் தெரியும். ஒரு மணி நேர நேர்காணலை எழுத எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், பின்னணியில் மின்விசிறி ஓடினால், இன்னும் கூடும். "ஒரு மணி நேர ஆடியோவுக்கு இவ்வளவு" என்று அவர்கள் சொல்லும் தொகையை ஐந்தால் வகுத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். நல்ல ஹெட்செட்டும் அமைதியான அறையும் வேண்டும். குழந்தை தூங்கும்போது செய்யலாம்; ஆனால் குழந்தை எழுந்து அழுவது காதில் விழாது. அதையும் யோசியுங்கள்.

"கணினியே மொழிபெயர்த்துவிடுகிறதே, இனி இந்த வேலை இருக்குமா?" இந்தக் கேள்வியும் இப்போது கூடவே வருகிறது. வேலை மாறியிருக்கிறது. கணினி மொழிபெயர்த்ததைத் திருத்தித் தரச் சொல்லும் வேலைகள் நிறைய வருகின்றன. சொல்லுக்கு விலை குறைவு. சில கோப்புகளில் திருத்துவது சுலபம், சிலவற்றில் புதிதாக எழுதுவதைவிடக் கடினம். ஒரு மருத்துவ ஒப்புதல் படிவத்தில் 'டிஸ்சார்ஜ்' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. கணினி இரண்டு இடத்திலும் 'வெளியேற்றம்' என்று போட்டிருந்தது. முதல் இடம், நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாள். இரண்டாவது இடம், அறுவைக் காயத்திலிருந்து நீரோ சீழோ வடிந்தால் உடனே தெரிவிக்கச் சொல்லும் எச்சரிக்கை. 'வெளியேற்றம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லவும்' என்று படிக்கும் ஒரு தாய்க்கு என்ன புரியும்? அந்த ஒரு சொல்லைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. அதனால்தான் மருத்துவம், சட்டம், வங்கி என்று ஏதாவது ஒரு துறையில் கொஞ்சமாவது அறிவு உள்ளவர்களுக்கு வேலை தொடர்ந்து வருகிறது. நீங்கள் நர்சிங் படித்திருந்தால், வங்கியில் வேலை பார்த்திருந்தால், பி.எட். முடித்திருந்தால், அதுவே உங்கள் துறை.

மருந்து ஆய்வுகளில் பங்கேற்பவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும் என்பது விதி. அதனால் அந்தப் படிவங்கள் தமிழுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பல நேரம் தமிழில் எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதற்குப் பேக் டிரான்ஸ்லேஷன் என்று பெயர். புதிதாக வருகிறவர்களுக்கு இது நல்ல பயிற்சி. பிறர் எழுதிய தமிழில் எங்கே பொருள் நழுவுகிறது என்று கண் பழகும்.

மூன்றாம் படி: தட்டச்சும் கருவிகளும்

போனில் குரலால் தட்டச்சு செய்து வேலை அனுப்ப நினைக்காதீர்கள். எந்தக் கணினியிலும் போனிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடு எழுத்தில், விரல் பார்க்காமல் அடிக்கப் பழகுங்கள். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைக்கிறேன். உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்யெழுத்துகள் வலது கையிலும் வரும். புள்ளி பல இடங்களில் தானாக விழும். தினம் அரை மணி நேரம் என்று மூன்று வாரம் பழகினால் போதும். ஆங்கில எழுத்துகளால் அடித்துத் தமிழாக மாற்றுகிறவர்கள் கூடுதல் விசைகளைத் தட்டுகிறார்கள்; நாளுக்கு ஆயிரம் சொல் அடிக்கும்போது விரல் வலி அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும். என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் தமிழ்99 இருக்கிறது.

மெய்ப்பு வேலைக்கு வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத பிழைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். 'மௌனம்', 'மெளனம்' இரண்டையும் பாருங்கள். முதலாவதில் ஔகாரக் குறி. இரண்டாவதில் எகரக் கொம்பும் அதன்பின் ள என்ற தனி எழுத்தும். அச்சில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். மின்நூலில் தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது 'கொ', 'கோ' உடைந்து கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்பதும் உண்டு. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக்கிய கோப்பில் துணைக்கால் 'ர' ஆகிவிடும். 'காலம்' என்பது 'கரலம்' என்று வரும். இந்த மூன்றையும் தேடிப் பிடித்துத் திருத்தத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கினால் சிறு பதிப்பகங்கள் உங்களை விட மாட்டார்கள். ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அது அடிப்படை.

மொழிபெயர்ப்புக்கு ஒமேகா டி என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பழகுங்கள். மேலே ஆங்கில வாக்கியம், அதன் கீழே நீங்கள் எழுதும் தமிழ். முன்பு செய்த வாக்கியமே திரும்ப வந்தால் பழைய தமிழை எடுத்துக் காட்டும். முகமைகள், அதாவது வாடிக்கையாளரிடம் வேலை வாங்கி நம்மிடம் தரும் நிறுவனங்கள், தங்கள் மென்பொருளுக்கு இணையவழி அனுமதி தருவார்கள். எல்லாம் ஒரே மாதிரிதான் இயங்கும். கலைச்சொல் தேட அரசின் சொற்குவை தளம் உதவும். மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள்களைத் தமிழாக்குகிறவர்களுக்கான நடை வழிகாட்டியை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

புதிய மடிக்கணினி கடனில் வாங்க வேண்டாம். வீட்டில் இருப்பதில் தொடங்குங்கள். முதல் மூன்று மாத வருமானம் வந்தபின் மெமரி கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

நான்காம் படி: காட்டுவதற்கு மூன்று மாதிரிகள்

அனுபவம் கேட்பார்கள். இல்லாதபோது மாதிரிதான் பேசும். 250 முதல் 300 சொற்களுக்குள் மூன்று செய்து வையுங்கள்: அரசு அறிவிப்பு ஒன்று, நோய் பற்றிய துண்டறிக்கை ஒன்று, உங்கள் துறை சார்ந்தது ஒன்று. மூலத்தையும் தமிழையும் இரண்டு பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரிய சிறுகதை எல்லாம் வேண்டாம்; வேலை தருகிறவர் படிக்க எடுத்துக்கொள்வது இரண்டு நிமிடம்.

உங்கள் பெயர் தெரியும்படி எங்காவது பொதுவில் ஒன்றிரண்டு வேலை இருப்பது நல்லது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் குழந்தைக் கதைகளை யாரும் தமிழாக்கலாம். மொழிபெயர்த்தவர் பெயரோடு வெளிவரும். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினால் உங்கள் பங்களிப்புப் பட்டியலையே காட்டலாம். நான் செய்த முதல் கதையை என் மகளுக்கு இரவில் வாசித்துக் காட்டினேன். "அம்மா, யானை இப்படிப் பேசாதும்மா" என்றாள். அந்த வாக்கியத்தை மாற்றிய பிறகுதான் பதிவேற்றினேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வாசகர் இருப்பார்.

ஐந்தாம் படி: யாரிடம் கேட்பது

நான் கண்ட வரையில் மூன்று வாசல்கள். ஒன்று, மொழிபெயர்ப்பு முகமைகள். பெங்களூரு, மும்பை, புணே, டெல்லி, ஹைதராபாத் என்று பரவியிருக்கின்றன. அவர்கள் தளத்திலேயே மொழிபெயர்ப்பாளராகச் சேர ஒரு படிவம் இருக்கும். இரண்டு, 1999இலிருந்து இயங்கும் புரோஸ் போன்ற மொழிபெயர்ப்பாளர் தளங்கள். அதில் முகமைகளைப் பற்றி மொழிபெயர்ப்பாளர்கள் மதிப்பெண் போடும் பகுதி உண்டு. யார் பணம் தராமல் இழுக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். மூன்று, எல்லா வகை வேலைக்கும் ஆள் தேடும் அப்வொர்க், ஃபைவர் போன்ற இணையப் பொதுச் சந்தைகள். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்வொர்க்கில் விண்ணப்பிக்கவே காசு கொடுத்து டோக்கன் வாங்க வேண்டியிருக்கும். அங்கே உலகம் முழுவதும் இருந்து விலையைக் குறைத்துக் கேட்பவர்கள் வருவதால், குறைந்த நேரம் உள்ள நமக்கு அது கடைசி வாசல். முகமைகளிடமிருந்து தொடங்குங்கள்.

மின்னஞ்சலில் சுயசரிதை எழுத வேண்டாம். தலைப்பிலேயே 'ஆங்கிலம்–தமிழ், மருத்துவப் படிவங்கள், நாளுக்கு 600 சொற்கள்' என்று போடுங்கள். உள்ளே நான்கு வரி: என்ன படித்தீர்கள், எந்தத் துறை, எந்த நேரத்தில் பதில் சொல்வீர்கள், மாதிரி இணைப்பு. குடும்பச் சூழ்நிலையை விளக்கி இரக்கம் தேட வேண்டாம். 'காலை 10 முதல் 1 மணி வரை வேலை செய்கிறேன்' என்று சொன்னால் போதும்; காரணம் அவர்களுக்குத் தேவையில்லை. நான் அனுப்பிய முதல் நாற்பது மடல்களுக்கு மூன்று பதில்கள் வந்தன. அந்த மூன்றில் ஒன்றுதான் இன்றும் எனக்கு மாதம் தவறாமல் வேலை தருகிறது.

தேர்வு ஒன்று வைப்பார்கள். 200, 300 சொற்கள் என்றால் செய்யுங்கள். ஆயிரத்துக்கு மேல் இலவசமாகக் கேட்டால், பத்துப் பேருக்குப் பத்துத் துண்டாகப் பிரித்துக் கொடுத்து ஒரு முழுக் கோப்பையே இலவசமாக முடித்துக்கொள்கிறார்களோ என்று சந்தேகப்பட இடமுண்டு. தேர்வில் ஒரு கேள்வியை நீங்களே கேளுங்கள்: "இது எந்த நாட்டு வாசகருக்கு?" இங்கே மருத்துவமனை என்பது இலங்கையில் வைத்தியசாலை; காவல்துறை அங்கே பொலிஸ். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் துண்டறிக்கைகளை வாசிப்பவர்களில் இலங்கைத் தமிழர் பலர். இதைக் கேட்கிறவரை வேலை தெரிந்தவர் என்று உடனே எடுத்துக்கொள்வார்கள்.

ஆறாம் படி: விலை

மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் பணம். எந்த மொழிச் சொல்லை எண்ணுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வரும் 'இன் த ஹவுஸ்' தமிழில் 'வீட்டில்' என்று ஒரே சொல். உருபெல்லாம் ஒட்டிக்கொள்வதால் ஆயிரம் ஆங்கிலச் சொல் எனக்குத் தமிழில் பெரும்பாலும் 700, 750 ஆகிவிடுகிறது. மூலச் சொல்லை எண்ணினால் ஆயிரத்துக்குப் பணம். தமிழ்ச் சொல்லை எண்ணினால் கால் பங்கு போயிற்று. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நான் முதல் வருடம் இழந்த தொகையில் ஒரு நல்ல நாற்காலி வாங்கியிருக்கலாம்.

பிறகு மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள். பழகிய கைக்கு, திரும்பப் படித்துத் திருத்துவதையும் சேர்த்து, மணிக்கு 250 சொல் என்று வைத்துக்கொள்வோம். சொல்லுக்கு ஒரு ரூபாய் என்றால் மணிக்கு 250 ரூபாய். 60 காசு என்றால் 150. 30 காசு என்கிறவரிடம் 75 ரூபாய். அந்த ஒரு மணி நேரத்துக்காகக் குழந்தையை அம்மா வீட்டில் விட ஆட்டோவுக்குக் கொடுப்பது எவ்வளவு? இந்தக் கணக்கில் உங்கள் அடிமட்ட விலை தெரியும். அதற்குக் கீழே போகாதீர்கள். 'முதலில் குறைவாக வாங்கிப் பிறகு கூட்டலாம்' என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் ஒரே முகமையிடம் விலை இரட்டிப்பானதே இல்லை. புதிய முகமையிடம் புதிய விலை சொல்லித்தான் கூட்ட முடிந்தது.

திரும்ப வரும் வாக்கியங்களுக்கு விலை குறைப்பார்கள். வழக்கம்தான். எவ்வளவு குறைக்கிறார்கள் என்பது வேலை ஆணையில் எழுதியிருக்க வேண்டும்.

ஏழாம் படி: ஒப்புக்கொள்வதும் மறுப்பதும்

எழுத்தில் வேலை ஆணை வரும் வரை தொடங்காதீர்கள். அதில் சொல் எண்ணிக்கை, விலை, ஒப்படைக்கும் நாள், மணி, பணம் வரும் நாள் இருக்க வேண்டும்.

வேலை ஒருங்கிணைப்பாளர்கள் பெரும்பாலும் இளம் பிள்ளைகள். அவர்கள் தலைமேல் அவர்கள் மேலாளர். பதற்றத்தோடுதான் அழைப்பார்கள்.

"மேடம், மூவாயிரம் வேர்ட்ஸ். ஈவினிங் ஆறு மணிக்குள்ள முடியுமா?"

"முடியாதுப்பா. எனக்கு அஞ்சு நாள் வேணும். ரொம்ப அவசரம்னா முதல் அறுநூறை மட்டும் நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு அனுப்புறேன். மிச்சத்தை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க."

'முடியாது' என்பதோடு எது முடியும் என்பதையும் சொன்னால் அடுத்த முறையும் அழைப்பார்கள். ஒப்புக்கொண்டு தவறினால் அழைக்க மாட்டார்கள். இரண்டாம் வருடத்தில் மகனுக்குக் காய்ச்சல் 103 போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை கோப்பு ஒன்று கொடுக்க வேண்டும். எப்படியாவது முடித்துவிடலாம் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஐந்து மணி நேரம் தாமதமாக அனுப்பினேன். அந்த முகமையிடமிருந்து நான்கு மாதம் ஒரு வேலையும் வரவில்லை. மதியமே இரண்டு வரி அனுப்பியிருந்தால் அவர்கள் வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள். அதன்பிறகு எந்தத் தடங்கல் வந்தாலும், கோப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் அவர்களுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறேன்.

எட்டாம் படி: பணமும் தாளும்

பான் அட்டை வேண்டும். ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு வேண்டும். கணவர் கணக்கில் வாங்காதீர்கள். அது உங்கள் வருமானம், உங்கள் பெயரில் பதிவாகட்டும். பின்னாளில் கடன் கேட்கப் போனால் அந்த வரவுதான் பேசும்.

வேலை முடிந்ததும் பில் அனுப்புங்கள். வரிசை எண், தேதி, வேலை ஆணை எண், சொல் எண்ணிக்கை, தொகை, பான், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, பணம் தர வேண்டிய கடைசி நாள். மாதக் கடைசியில் ஒன்றாக அனுப்பச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு.

ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் உங்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000. பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். இந்தப் பணம் போய்விட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். போகவில்லை. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் அது வரவாகியிருக்கும். உங்கள் ஆண்டு வருமானத்துக்கு வரியே இல்லை என்றால், ரிட்டன் தாக்கல் செய்து முழுவதையும் திரும்ப வாங்கலாம். இது சம்பளம் இல்லை, தொழில் வருமானம் என்பதால் படிவமும் வேறு. முதல் வருடம் ஒரு ஆடிட்டரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பற்றிப் பயப்பட வேண்டாம். சேவைக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் பேபாலில் அனுப்பலாம். இந்தியாவுக்குள் கொடுக்கல் வாங்கலைப் பேபால் 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருவதற்கு மட்டும் இப்போது பயன்படும். கட்டணமும் நாணய மாற்று விகிதமும் சேர்ந்து ஒரு பங்கு போகும். விலை சொல்லும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் இழுத்தடிப்பவர்களுக்காக ஒரு வேலை முன்கூட்டியே செய்து வையுங்கள்: உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் செய்கிறவர் என்று அரசிடம் பதிந்துகொள்வது. ஆதார், பான் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசமாக வீட்டிலிருந்தே பதியலாம். கட்டணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை, தரகர் தளம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில் செய்கிறவருக்கு ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் வட்டியோடு தர வேண்டும். மொழிபெயர்ப்பு ஒரு சேவை. நாமும் இதில் அடங்குவோம். ஒரு முகமை எனக்கு ஆறு மாதம் பாக்கி வைத்தது. போனில் கெஞ்சியபோது நகராத பணம், உத்யம் எண்ணும் சட்டப் பிரிவும் குறிப்பிட்டு ஒரு மடல் எழுதிய ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது.

ஒன்பதாம் படி: ஏமாறாமல் இருப்பது

வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மென்பொருள் கட்டணம், திரும்பத் தரும் டெபாசிட், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி.

டேட்டா என்ட்ரி மோசடி இதைவிடக் கொடியது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, மங்கலான பக்கங்களை அனுப்பி, 'துல்லியம் போதவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள்' என்று வக்கீல் நோட்டீஸ் போலவே ஒன்று அனுப்புவார்கள். வீட்டில் சொல்லப் பயந்து நகையை அடகு வைத்துக் கட்டிய ஒரு தங்கையை எனக்குத் தெரியும். அவள் செய்த தவறு ஒன்றுமில்லை. அப்படி நோட்டீஸ் வந்தால் ஒரு பைசா கட்டாதீர்கள். அன்றே வீட்டில் சொல்லுங்கள், தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்பார்கள். முதல் நாள் நூறு, இருநூறு வரும். மூன்றாம் நாள் 'முதலீடு' கேட்பார்கள். உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் வரும் பணம் திருட்டுப் பணம். போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரைத்தான்.

பத்தாம் படி: வீட்டில் உள்ளவர்களிடம் பேசுவது

"வீட்லதானே இருக்கே." இந்த இரண்டு சொல்லை ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்திரம் எழுதப் போக, கல்யாண வீட்டுக்குப் போக, பக்கத்து வீட்டுப் பார்சலை வாங்கி வைக்க, நான்தான் இருப்பேன் என்று நினைப்பார்கள். கோபப்பட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. பிறகு முதல் மாத வருமானத்தில் மகளின் வேன் கட்டணத்தைக் கட்டி, அந்த ரசீதை எல்லோர் கண்ணிலும் படும்படி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அதன் பக்கத்தில் என் வேலை நேரத்தையும் எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு அத்தைதான் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் சொல்வார்: "அவ சோலியா இருக்கா. ஒரு மணிக்கு வாங்க."

அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மணி வைத்திருக்கிறேன், பூஜை மணி. அவசரம் என்றால் அடிப்பார். அடிக்காவிட்டால் பயமின்றி வேலை செய்யலாம். பிள்ளைகளுக்கும் ஒரு விதி உண்டு: என் கழுத்தில் ஹெட்செட் தொங்கினால் பேசலாம், காதில் இருந்தால் எழுதிக் காட்ட வேண்டும். சின்னவன் சிலேட்டில் 'பசிக்குது' என்று எழுதி மடிக்கணினிக்கு மேலே நீட்டுவான்.

இரவு கண் விழித்து வேலை செய்வதை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். அமெரிக்க வாடிக்கையாளர்கள் நம் இரவில்தான் பேசுவார்கள். 'காலை பத்தரைக்குப் பதில் தருகிறேன்' என்று சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். இரவு ஒரு மணிக்கு மொழிபெயர்த்ததைக் காலையில் படித்துப் பாருங்கள், எத்தனை வரி விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் என்னிடம் வேலை தரும் எல்லோருக்கும் ஒரே மடல் அனுப்புவேன்: 'மே 1 முதல் 31 வரை நாளுக்கு 300 சொற்கள் மட்டும் செய்ய முடியும். ஜூனில் பள்ளி திறந்த மறுவாரத்திலிருந்து வழக்கம்போல்.' சென்ற வருடம் அந்த மடலுக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் பதில் எழுதினார். அவரும் ஒரு தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. 'நன்றி மேடம். ஜூன் இரண்டாம் வாரத்துக்கு ஒரு 4,000 சொல் கோப்பு வைத்திருக்கிறேன், உங்களுக்கு என்று எழுதிக்கொள்ளட்டுமா?'